மகளுக்கு: நம் தளத்தின் பொறுப்பைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்; உன் நலமறிய ஆவல். நம் ஆத்தங்குடிக் கல் பட்டறையின் இணையதளத்துக்குரிய டொமைன் (இணையப் பெயர்) கணக்கும், கூகுள் தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலின் உரிமையும் என் மின்னஞ்சலுக்கு மாற்றப்பட்டிருப்பதாகச் சென்ற வெள்ளிக்கிழமை அறிவிப்புகள் வந்தன. அவற்றுடன் உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. காரணமில்லாமல் நீ எதையும் செய்கிறவள் அல்ல என்பதால், காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை. ஆனால் பொறுப்பு என் கைக்கு வந்த பிறகு அதை எப்படி நடத்தப்போகிறேன் என்பதை உனக்குத் தெரிவிப்பது என் கடமை. தொலைபேசியில் நீ கிடைக்காததால் எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

முதலில் சித்தப்பா விஷயம். தளத்துக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று அவர் ஆனி மாதத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். தேடலில் நம்மை 30 நாளில் முதலிடத்துக்குக் கொண்டுவருவதாக உறுதியளிக்கும் ஒருவரை மதுரையிலிருந்து அழைத்து வந்தார். புதிய வடிவமைப்பு, எல்லாப் பக்கங்களுக்கும் புதிய முகவரி, தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊர்ப் பெயரிலும் ஒரு பக்கம், வெளித்தளங்களிலிருந்து விலைக்கு வாங்கும் லிங்குகள் என்று அந்த மதுரைக்காரர் விரித்த திட்டத்தை அப்பா தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது என்பதை நீ எனக்குக் காட்டியிருக்கிறாய். அதை மதுரைக்காரரிடம் சொன்னேன். முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். சித்தப்பாவுக்கு மனவருத்தம்தான். நான் சொன்னது சரிதானா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

வருகை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பதை நீ கற்றுக்கொடுத்தபடியே பார்த்தேன். ஆடியில் வாசற்கால் வைக்கிறவர்களும் இல்லை, புது வீட்டில் பால் காய்ச்சுகிறவர்களும் இல்லை. தரையில் பதிக்கும் நம் ஆத்தங்குடிக் கல்லைத் தேடுகிறவர்கள் அந்த மாதத்தில் குறைவது ஆண்டுதோறும் நடப்பது. எனவே ஆடியை வைகாசியோடு ஒப்பிட்டுக் கலங்கக்கூடாது, சென்ற ஆடியோடுதான் ஒப்பிட வேண்டும் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும் என்பதால் பழைய ஆண்டுகளின் கணக்கைத் தை மாதந்தோறும் இறக்கி வைத்துக்கொண்டு வருகிறேன். இரண்டு ஆடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தேடலில் நம் பக்கங்கள் தோன்றிய எண்ணிக்கை ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. சராசரி இடமும் மாறவில்லை. உள்ளே வந்தவர்கள் மட்டும் குறைந்திருந்தார்கள். இடம் இறங்கியிருந்தால் அது ஒரு நோய், இடம் இறங்காமல் வருகை மட்டும் குறைந்தால் அது வேறு நோய் என்பதைச் சித்தப்பாவுக்கு விளக்க அரை நாள் ஆயிற்று.

என் கணிப்பு இதுதான். கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவலாமா, சதுர அடிக்கு எவ்வளவு, மெருகு போனால் என்ன செய்வது என்பவைதான் நம்மிடம் ஆட்களைக் கூட்டி வந்த கேள்விகள். 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கும் வந்த அந்த ஏஐ சுருக்கம், இப்போது அக்கேள்விகளுக்கான பதிலைத் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே சொல்லிவிடுகிறது. ஆசிட் சிமெண்டை அரித்துவிடும், தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும் என்பதை அங்கேயே படித்துவிடுகிறவர் நம் பக்கத்தை ஏன் திறக்கப்போகிறார்? வடிவமைப்பை மாற்றினால் இது தீராது. வேறொருவர் எழுத முடியாததை நாம் எழுதினால்தான் ஓரளவு தீரும். 2022 டிசம்பரில் கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தபோது, “அம்மா, இது நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல செய்தி” என்று நீ இரவு அழைத்துச் சொன்னாய். அந்த மகிழ்ச்சியை நான் நினைத்துக்கொள்கிறேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து அப்பா வர்ணம் ஊற்றும் முறை, எந்த வர்ணத்தில் எவ்வளவு ஆக்சைடு, கையால் செய்யும் கல் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடுவது ஏன், தண்ணீரில் ஊறும் நாளைக் குறைத்தால் என்ன ஆகும் என்பவற்றையெல்லாம் படத்துடன் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கட்டுரை திருத்திய கை, எழுதிவிடுவேன். நீ ஒருமுறை பார்த்துக் கொடுத்தால் நிம்மதியாக இருக்கும்.

உங்கள் துறையில் எழுதுகிறவர்களைக் குறைத்துவிட்டு அந்த வேலையை ஏஐயிடம் கொடுக்கும் நிறுவனங்கள் இருப்பதாகச் செய்தித்தாளில் படித்தேன். உன் அலுவலகத்தைக் குறித்து நான் எதுவும் கேட்கவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். அப்படி எழுதிக் குவித்த பக்கங்களையும் கூகுள் விட்டுவைக்கவில்லை என்பதை நீதான் எனக்குச் சொன்னாய். தேடலில் இடம் பிடிப்பதற்காகவே பெருமளவில் உற்பத்தி செய்யும் பக்கங்களை, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், 2024 மார்ச்சில் முறைகேட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மதுரைக்காரர் ஊருக்கு ஒரு பக்கம் என்று சொன்னதும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். திருநெல்வேலிக்கும் திருவண்ணாமலைக்கும் ஒரே வாசகத்தை ஊர்ப் பெயர் மாற்றி ஒட்டி வைத்தால் படிப்பவருக்கு என்ன பயன்? தேடுபொறிக்கு ஒன்றும் வாசகருக்கு வேறொன்றும் காட்டும் வாசல் பக்கங்களை வைத்ததற்காக, பிஎம்டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தையே 2006-இல் கூகுள் தன் தேடலிலிருந்து எடுத்துவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனம் உடனே திருத்திக்கொண்டு திரும்பி வந்துவிடும். நம் பட்டறை போனால் யார் திரும்பி அழைப்பார்கள்?

விலைக்கு லிங்க் வாங்குவதும் அப்படியே. ஜேசி பென்னி என்ற அமெரிக்கக் கடை ஆடை, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் முதலில் வந்து நின்றதற்கு, தொடர்பே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் வைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான லிங்குகள்தான் காரணம் என்று 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. கூகுள் அதைக் கீழே தள்ளியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பெங்குவின் என்ற பெயரில் கூகுளின் தரவரிசை முறையில் மாற்றம் வந்தபோது இப்படி லிங்க் சேர்த்திருந்த எத்தனையோ சிறு தளங்களும் விழுந்தன. நமக்கு வந்திருக்கும் லிங்குகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் நம் கல்லைத் தன் கட்டடத்தில் பதித்த ஒருவர் மனமுவந்து கொடுத்தது. புதுச்சேரியில் இருக்கும் அந்தக் கட்டடக் கலைஞர் தன் பக்கத்தில் நம்மைக் குறிப்பிட்டதை நீ அப்பாவுக்குப் படித்துக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாய் அல்லவா?

இந்த லிங்குகள் நம் பழைய முகவரிகளைத்தான் சுட்டுகின்றன என்பதால், முகவரியை மாற்றுவதுதான் எனக்கு மிகுந்த அச்சம். பழைய முகவரிகளை அறுத்துவிடக்கூடாது என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய். கொரோனாவுக்கு முந்தைய ஆண்டில், நீ பரீட்சையில் இருந்தபோது, சித்தப்பா ஒருவரை வைத்துத் தளத்தைப் புதுப்பித்ததை நினைத்துப்பார். தளம் பார்க்க அழகாக இருந்தது. சில வாரங்களில் தேடலிலிருந்தே நாம் மறைந்துபோனோம். தீபாவளிக்கு வந்த நீ இரவெல்லாம் உட்கார்ந்து தேடி, சோதனைத் தளத்தைக் கூகுள் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக அவர் போட்ட நோஇண்டெக்ஸ் என்ற ஒற்றை வரி, உண்மையான தளத்திலும் அப்படியே விடப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தாய். அத்துடன் நில்லாமல், பழைய பக்கங்கள் ஒவ்வொன்றையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பத்தால் இணைத்தாய். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால் வேலை சுலபம் என்று நான் சொன்னதற்கு, மெருகைப் பற்றிக் கேட்டு வந்தவரை வாசலில் நிறுத்துவது மரியாதையா என்று கேட்டாய். அந்தப் பட்டியல் பச்சை நோட்டில் பத்திரமாக இருக்கிறது. இத்தகைய திருப்பங்களைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகுளின் அறிவுரை. நாம் என்றைக்கும் எடுக்கப்போவதில்லை. அன்று உனக்கு வயது என்ன, எவ்வளவு பொறுமை! பட்டறையில் வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தேன். இவ்வளவு தெரிந்த பெண் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப ஏன் தயங்குகிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மற்ற வேலைகளை நான் விடாமல் செய்து வருகிறேன். விலைப் பக்கத்தைச் சிமெண்டு விலை மாறும்போது உண்மையாகவே திருத்துகிறேன். உள்ளே எதையும் மாற்றாமல் மேலே தேதியை மட்டும் புதிதாக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை. புகைப்படங்களைச் சுருக்கியே ஏற்றுகிறேன். முதற்பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்ற கணக்கு இருக்கும்போது, மதுரைக்காரர் கேட்டதுபோல் உச்சியில் காணொலி வைத்தால் செட்டிநாட்டுக் கிராமத்துச் சிக்னலில் நம் வீட்டுக் கைப்பேசியிலேயே அது திறக்காது. கூகுள் வரைபடத்தில் பட்டறையின் வேலை நேரத்தைப் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் மாற்றி வைக்கிறேன். யார் குறை சொல்லி எழுதினாலும் பதில் எழுதுகிறேன்.

ஆண்டுக்குச் சில முறை கூகுளின் தரவரிசை முறையில் பெரிய மாற்றம் வருகிறது என்றும், அது பரவி முடியும்வரை எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டும் என்றும் நீ சொன்னது நினைவிருக்கிறது. அந்த நாட்களில் இடம் மேலும் கீழுமாக ஆடும். ஆடுகிறபோது அவசரப்பட்டுத் தலைப்புகளை மாற்றினால், பின்னர் எது எதனால் நடந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். காத்திருக்க எனக்குத் தெரியும். ஆனால் காத்திருக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து “இது மாற்றத்தின் ஆட்டம்தான், நம் தவறு அன்று” என்று சொல்ல வேண்டும். இதுவரை நீ சொன்னாய். சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடம்புதான் முதலில்.

டொமைனைப் பற்றி ஒரு வார்த்தை. அது கார்த்திகையில் காலாவதியாகிறது. காலக்கெடு தவறினால், பதிவு நிறுவனம் தரும் சலுகை நாட்கள் முடிந்த பிறகு மீட்பதற்கு 30 நாள், பிறகு நீக்கத்துக்கு 5 நாள் என்று சட்டென்று ஓடிவிடும். அதற்குப் பிறகு எவரும் எடுத்துக்கொள்ளலாம். நல்ல பெயர் சம்பாதித்த பழைய டொமைன்களை வாங்கி, அதன் பெயரில் சம்பந்தமில்லாத சரக்கை ஏற்றுகிறவர்கள் பெருகியதால்தான் 2024 மார்ச்சில் அதையும் கூகுள் முறைகேடாக அறிவித்தது. நம் பட்டறைப் பெயரில் சூதாட்டத் தளம் ஒன்று நிற்பதை அப்பா பார்க்கக் கூடாது. ஒரே முறையில் 10 ஆண்டு வரை புதுப்பிக்கலாம் என்கிறார்கள். அதனால் தரவரிசை உயராது என்பது எனக்குத் தெரியும். மறதியில் பறிபோகாமல் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் உன் சம்மதம் வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவள் நீ.

இன்னொன்றை எப்படி எழுதுவது என்று தெரியாமல் கடைசிக்கு வைத்திருந்தேன். மதுரைக்காரருக்கு மாதந்தோறும் கொடுப்பதாக அப்பாவும் சித்தப்பாவும் ஒத்துக்கொண்டிருந்த தொகை பட்டறைக் கணக்கில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. வெளியாளுக்குக் கொடுக்கலாம் என்று முடிவானதை, இத்தனை ஆண்டுகள் ஒரு ரூபாய் வாங்காமல் இதைக் காத்தவளுக்குக் கொடுத்தால் என்ன என்று நான் கேட்டேன். அப்பா உடனே சரி என்றார். சித்தப்பா சற்றுநேரம் கழித்துச் சரி என்றார். இது உதவி அன்று, உன் வேலைக்கான கூலி. நீ கோபித்துக்கொள்வாயோ என்ற பயத்தில் இன்னும் அனுப்பவில்லை. பெங்களூரில் இருந்தே செய்யலாம். இங்கு வந்து மாடி அறையில் உட்கார்ந்து செய்தாலும் செய்யலாம். அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறோம், அது எப்படியும் அடிக்க வேண்டியதாக இருந்தது.

சர்ச் கன்சோலில் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமையாளர்கள் இருக்கலாம் என்பதால் உன் மின்னஞ்சலை நேற்று மீண்டும் சேர்த்துவிட்டேன். டொமைனின் டிஎன்எஸ் பதிவில், தளம் உன்னுடையது என்று கூகுளுக்குக் காட்ட நீ முன்பு போட்டிருந்த சரிபார்ப்பு வரியையும் நீக்கவில்லை. மெருகு பக்கத்தின் புதிய வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். பழைய முகவரியிலேயே ஏற்றப்போகிறேன். தலைப்பில் “ஆத்தங்குடி டைல்ஸ்” என்று வைப்பதா, “ஆத்தங்குடிக் கல்” என்று வைப்பதா என்பதை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது. தேடுகிறவர்கள் முதலாவதைத்தான் அடிக்கிறார்கள், அப்பா இரண்டாவதைத்தான் விரும்புகிறார்.

அன்புடன்,
அம்மா