கூட ஒருவர் வேண்டும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது நன்றாகப் பார்க்கிறார். கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக அப்பாவின் படத்தைக் கொண்டுவரச் சொல்லி, ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் மகள் வேலைக்குச் சேர்ந்த செய்தியைச் சொன்னேன். அவருக்கு அத்தனை சந்தோஷம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஓய்வுபெற்ற நான்கு செவிலியர்களைப் பற்றிப் பதினைந்து நிமிட ஆவணப்படம், அதுவும் நீங்கள் யாரும் வசிக்காத ஓர் ஊரில். இங்கிருந்து ஐந்தாறு பேரை அழைத்துப்போவதா, அங்கேயே கேமரா, லைட்டிங், சவுண்டு, எடிட்டிங் எல்லாம் தெரிந்த ஒருவரைப் பிடிப்பதா என்று கேட்டிருக்கிறாய். ஒரே ஆளிடம் எல்லாம் முடிந்தால் செலவு மிச்சம் என்றும் எழுதியிருக்கிறாய்.

அங்கேயே ஆளைப் பிடி. ஆனால் செலவுக்காக என்று நினைத்துப் பிடிக்காதே.

சில வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் வீட்டுக்கு ஆறு பேராகப் போனோம். லைட் ஸ்டாண்டுகளை நிறுத்த அவருடைய நாற்காலிகளை வெளியே வைத்தோம், ஜன்னலைத் துணியால் மூடினோம். அந்த அம்மா தேர்வு எழுதுவதுபோல் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வரி பதில் சொன்னார். மறுநாள் மற்றவர்கள் வெளிப்புறக் காட்சிகளுக்குப் போய்விட, உள்ளூர்க் காட்சிகளுக்காக ஏற்பாடு செய்திருந்த ஓர் இளைஞரும் நானும் மட்டும் மறுபடி அவரைப் பார்க்கப் போனோம். ஜன்னல் வெளிச்சம் ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டார் அந்த இளைஞர். கேமராவைத் தாழ வைத்துக்கொண்டு, அந்த ஊர்ப் பேச்சிலேயே, அந்தத் தெருமுனையில் முன்பு இருந்த தபால் நிலையத்தைப் பற்றிக் கேட்டார். அவ்வளவுதான். நாற்பது நிமிடம் அந்த அம்மா நிறுத்தவே இல்லை. நாங்கள் கடைசியில் எடுத்த படமே அந்த நாற்பது நிமிடத்திலிருந்து வந்ததுதான்.

உள்ளூர்க்காரர் என்றால் இதுதான். எந்த மணிக்கு எந்தப் பக்கம் வெயில் விழும், பக்கத்துப் பட்டறையில் மெஷின் எப்போது ஓடும், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், எந்த இடத்தில் ட்ரோன் பறக்க விடமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். படப்பிடிப்புக்கு முன் இடம் பார்க்கப் போகும் ரெக்கியில் நீ இரண்டு நாள் அலைந்து தெரிந்துகொள்வதை அவர் போனிலேயே சொல்லிவிடுவார். மின்சாரம்கூட இதில் வரும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டுக் குழு, தன் வழக்கப்படி கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/60 விநாடியில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் ட்யூப்லைட்டின் கீழ் எடுத்தால் படம் மினுக்கத் தொடங்கும். அந்த இடத்தில் வேலை செய்கிறவர் யோசிக்காமலே 1/50-இல் வைத்திருப்பார்.

இனி நீ கவனமாகப் படிக்க வேண்டியது. எல்லா வேலையும் தெரிந்தவர் என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவர் தலையில் கட்டிவிடாதே.

இந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். ஒரு முதியவரின் பேட்டி. ஒரே ஆள்தான் ஒளிப்பதிவு, ஒலி, கேள்வி எல்லாம். நல்ல திறமைசாலி. மூன்று மணி நேரம் பேசினார் பெரியவர். காலர் மைக் சட்டை மடிப்பில் உரசிக்கொண்டே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் யாரும் ஹெட்ஃபோன் மாட்டியிருக்கவில்லை. ஃபோகஸையும் பார்த்து, அடுத்த கேள்வியையும் யோசித்து, பெரியவரின் கண்ணையும் பார்த்துப் பேசுகிற ஒருவர் காதையும் தனியாகக் கொடுக்க முடியாது. அப்படித் திட்டம் போட்டவன் நான்தான், குற்றம் அவருடையது அல்ல. மறுபடி போய் எடுக்கலாம் என்று இருந்தோம். அதற்குள் பெரியவர் பேச முடியாத நிலைக்குப் போய்விட்டார். அந்த ஃபுட்டேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு நல்ல மனிதரின் முகமும், அதற்கு மேல் கரகரவென்று துணி உரசும் சத்தமும்.

படம் கொஞ்சம் ஆடினால் மேலே வேறு காட்சியை ஒட்டி மறைத்துவிடலாம். குரல் கெட்டால் எதையும் ஒட்ட முடியாது. 1960-களில் அமெரிக்காவின் மேசல்ஸ் சகோதரர்கள் ஆவணப்படம் எடுத்தபோது ஆல்பர்ட் கேமராவைப் பிடித்தார், டேவிட் ஒலியைப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு சின்னக் குழுவிலும் ஒலிக்கென்று ஓர் ஆள் தனியாக இருந்ததை நினைத்துப் பார். நீயும் இரண்டு பேரை வை. இரண்டாவது ஆளை நீ பிடிக்கும் உள்ளூர்க்காரரையே கூட்டிவரச் சொல். யாரோடு வேலை செய்தால் கை ஒத்துவரும் என்று அவருக்குத்தான் தெரியும். கேள்விகளை நீ கேள், அல்லது உங்கள் அறக்கட்டளையில் செவிலியர்களுக்குப் பழக்கமான யாராவது கேட்கட்டும்.

அப்புறம், ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டாயே. தான் செய்ததில் நல்ல துண்டுகளை மட்டும் கோத்துக் காட்டும் ஷோரீலை நம்பாதே. ஒரு நிமிடத்தில் இசை போட்டு வெட்டினால் யாருடைய வேலையும் அழகாகத்தான் தெரியும். முழுதாக ஒரு படம் கேள். அதில் அவர் செய்தது எது, மற்றவர்கள் செய்தது எது என்று விசாரி. பிறகு, எடிட் செய்யாத ஒரு பேட்டியில் பத்து நிமிடம் அனுப்பச் சொல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார். ஒருவர் பேசி முடித்த பிறகு இரண்டு விநாடி காத்திருக்கிறாரா, இல்லை சட்டென்று கட் செய்கிறாரா? அந்த இரண்டு விநாடியில்தான் மனிதர்கள் உண்மையானதைச் சொல்வார்கள். கடைசியில் அந்த அறையின் வெறும் அமைதியை அரை நிமிடம் தனியாகப் பதிவு செய்திருந்தால் இன்னும் நல்லது. அவர் எடிட்டிங்கும் செய்கிறவர் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை, வெட்டிய இடங்களை நிரப்ப அந்த அமைதிதான் வேண்டும்.

முதல் பேச்சில் அவர் உன்னிடம் கேள்வி கேட்க வேண்டும். யார் பார்க்கப்போகிறார்கள், அரங்கத்திலா, போனிலா, சப்டைட்டில் உண்டா என்றெல்லாம். ‘எல்லாவற்றையும் எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மூன்று முறை சொன்னால் வேறு ஆளைப் பார்.

பணத்தை முதலிலேயே பேசி எழுதிக்கொள். ஒரு நாள் என்றால் எத்தனை மணி நேரம், பயண நாளுக்கு என்ன, கேமரா வாடகை சம்பளத்தில் சேர்ந்ததா தனியா, எத்தனை முறை திருத்தம், எடிட் செய்யாத மூலப் பதிவுகள் (ரஷஸ்) யாரிடம் இருக்கும், இசைக்கு யார் உரிமை வாங்குவது என்று எல்லாம் அதில் வரட்டும். அவர் பெயர் படத்தில் எப்படி வரும் என்பதையும் சேர்த்து எழுது. இரண்டாவது ஆளுக்கும் மரியாதையான தொகை கொடு. இதில் பேரம் பேசாதே, உனக்காகச் சொல்கிறேன்.

செவிலியர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவதை மறக்காதே. அவர்கள் பேசும்போது பழைய நோயாளிகளின் பெயர் வந்துவிடும். அதை எடிட்டிங்கில் எடுத்துவிட வேண்டும் என்று அவரிடம் முன்பே சொல்லி வை.

இன்னொன்று. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி வரும். நான்கு பேரை நிதானமாக எடுத்தால் எவ்வளவு சேரும் என்று நீயே கணக்குப் போடு. இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, திறந்து பார்த்த பிறகுதான் கேமராவின் மெமரி கார்டை அழிக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று அன்றிரவே உன் பையில் இருக்கட்டும்.

எனக்கு இந்த மாதம் முழுக்க எடிட்டிங் இருக்கிறது. இரவில்தான் ஓய்வு. நீ இரண்டு மூன்று பேரிடம் கேட்டு வாங்கும் பத்து நிமிடப் பதிவுகளை எனக்கு அப்படியே அனுப்பு. ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். அம்மா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
உன் நண்பன்