பேக்ஸ்டேஜ் வேலைக்கும் பாடத்திட்டத்தில் இடம் வேண்டும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஆடை வடிவமைப்புத் துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோவையில் ஆடை வடிவமைப்புப் படித்து, இப்போது திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில், மாதிரி உடைகள் தயாரிக்கும் சாம்பிளிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒருத்தி இதை எழுதுகிறேன். ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் கலெக்‌ஷனை மேடையேற்றும் ஃபேஷன் ஷோவில், உடையை வடிவமைத்தவருக்கு மதிப்பெண் உண்டு, நடுவர்களின் கருத்து உண்டு, பரிசும் உண்டு. அந்த உடைகள் கசங்காமலும் வரிசை பிசகாமலும் மேடைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் காலையிலிருந்து இரவு வரை பேக்ஸ்டேஜில் நிற்கும் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களுக்கோ வருகைப் பதிவேட்டில் ஓ.டி. (ஆன் டியூட்டி) போடுவதோடு சரி. அவர்கள் செய்யும் வேலையை ஒரு கிரெடிட் மதிப்புள்ள செய்முறைப் பாடமாக நீங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

இது எடுபிடி வேலைதானே என்ற எண்ணம் ஆசிரியர்கள் சிலரிடமும் இருப்பதால், அங்கே நடப்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபிட்டிங் முடிந்ததும் ஒவ்வோர் உடையையும் மாடல் அணிந்திருக்கும் நிலையிலேயே முன்னும் பின்னும் படமெடுத்து, அந்தப் படத்தையும், கம்மல், வளையல், பெல்ட் எல்லாம் போட்ட கவரையும் அதே உடையின் ஹேங்கரில் கட்டிவிடுவோம். ரேக்கில் உடைகள் மேடை வரிசைப்படி தொங்குவதில்லை. மாடல் வாரியாகத்தான் தொங்கும். நான்காவதாக நடந்து வந்தவரே பத்தொன்பதாவதாக வேறு உடையில் போக வேண்டியிருக்கும் என்பதால், மேடை வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டிய லைன்-அப் ஷீட்டையும் ரேக்கையும் மாறி மாறிப் பார்த்தபடி அடுத்த உடையை ஒருவர் தயாராக எடுத்து வைத்தாக வேண்டும். இரவல் வாங்கிய செருப்புகளின் அடிப்பாகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுகிறோம். மேடையில் உராய்ந்து கீறல் விழுந்துவிட்டால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.

மாடல் உள்ளே வந்ததும் ஒருவர் முதுகுப்புறக் கொக்கிகளைக் கழற்றுவார். அதற்குள் இன்னொருவர் அடுத்த உடையைத் தரையோடு வட்டமாகச் சுருட்டி, கால் வைத்து நுழைவதற்கு வாகாகப் பிடித்திருப்பார். தலைவழியாகப் போட வேண்டிய உடை என்றால் முதலில் முகத்தின் மேல் மெல்லிய துணி ஒன்றைப் போர்த்த வேண்டும். இல்லாவிட்டால் லிப்ஸ்டிக் முழுவதும் கழுத்துப் பட்டியில் வந்துவிடும். சேலை என்றால் கொசுவத்தை முன்கூட்டியே மடித்து, இடுப்புப் பட்டியில் வைத்துத் தைத்து, ஒரே கொக்கியில் மாட்டும்படி செய்து வைத்திருப்போம். இவ்வளவையும் மேடைக்கு முன்னால் ஒரு பாட்டு முடிவதற்குள் முடித்துவிட வேண்டும்.

தையல் வகுப்பு கற்றுத்தராத ஒன்றை இந்த அவசரம் கற்றுத்தருகிறது. முதுகுப்புறம் வைத்த மறைவு ஜிப் பாதியில் சிக்கிக்கொள்ளும்போதுதான், லைனிங் துணியை ஜிப் பற்களுக்கு அவ்வளவு நெருக்கமாக வைத்துத் தைத்திருக்கக் கூடாது என்பது புரிகிறது. தோள் ஏன் இறங்குகிறது, உட்கார்ந்து எழுந்தால் எந்தத் தையல் விடுகிறது என்பதெல்லாம் டம்மி பொம்மையில் மாட்டிய உடையில் தெரியாது; உயிருள்ள உடம்பில் போட்டுவிடுகிற கைக்குத்தான் தெரியும். புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ஜான் கல்லியானோ, லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படித்த காலத்தில், நேஷனல் தியேட்டரில் நடிகர்களுக்கு உடை அணிவிக்கும் டிரெஸ்ஸராக வேலை பார்த்தவர். 1984இல் அவர் காட்டிய பட்டப்படிப்புக் கலெக்‌ஷன் முழுவதையும் பிரவுன்ஸ் என்ற கடை வாங்கிக்கொண்டதை நம் வகுப்புகளில் ஆர்வமாகச் சொல்கிறோம். அவர் டிரெஸ்ஸராக இருந்ததையும் சேர்த்துச் சொன்னால், ஹேங்கரோடு நிற்கும் முதலாண்டு மாணவிக்குத் தன் வேலையின் மீது மதிப்பு வரும்.

பேக்ஸ்டேஜ் எந்தப் பாடத்திலும் சேராமல் இருப்பதால், அங்கே நடப்பதற்கு யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது. நான் படித்த காலத்தில், காட்டனுக்கு வைத்த சூட்டைக் குறைக்காமல் யாரோ விட்டுப்போன அயர்ன் பாக்ஸை எடுத்து, இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி ஆர்கன்சா என்ற மெல்லிய துணியிலான துப்பட்டாவில் வைத்துவிட்டாள். துணி சுருங்கிப் பொசுங்கியது. எல்லோர் முன்னிலையிலும் அவளைத் திட்டித் தீர்த்ததோடு, துணிக்கான பணத்தையும் அவளிடமே வாங்கினார்கள். எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு என்று அயர்ன் மேசையில் ஒரு தாள்கூட ஒட்டப்படவில்லை. அவளுக்கு யாரும் சொல்லித்தரவும் இல்லை. அதற்குப் பிறகு எந்த ஷோவிலும் அவள் பேக்ஸ்டேஜ் பக்கம் வரவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

துணி போனால் இன்னொன்று வாங்கலாம். 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாட்டி, அதில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் இரண்டையும் ஒரு ஸ்டீமரையும் ஒன்றாகப் போடுவதைப் பல ஷோக்களில் பார்த்திருக்கிறேன். 230 வோல்ட்டில் அந்த பிளக் தாங்குவது 1,380 வாட்தான். சுற்றிலும் பாலியஸ்டரும் நெட் துணியும் ஸ்பிரே டப்பாக்களும் இருக்கின்ற அறையில், வெளியேறும் ஒரே கதவையும் ரேக் மறித்துக்கொண்டிருக்கும். அதே அறையில் பெண்கள் உடை மாற்றும்போது புகைப்படக்காரர்களும் நண்பர்களும் கைபேசியோடு வந்துபோகிறார்கள். உடை மாற்றும் பெண்ணை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி, முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். செய்முறைப் பாடம் என்று வந்துவிட்டால், வேதியியல் ஆய்வகத்தில் இருப்பதுபோல் இங்கும் பொறுப்பாசிரியர் ஒருவர் இருப்பார், விதிமுறை இருக்கும், கதவருகில் ஆளும் இருப்பார்.

நேரக் கணக்கும் இதற்குத் தடையில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட இளநிலைப் படிப்புக்கான கட்டமைப்பின்படி, செய்முறையில் வாரம் 2 மணி நேரம் வீதம் 15 வாரம், அதாவது 30 மணி நேரம் செலவிட்டால் ஒரு கிரெடிட். ஃபிட்டிங், ஒத்திகை, ஷோ நாள், மறுநாள் உடைகளையும் நகைகளையும் சரிபார்த்து உரியவர்களிடம் திருப்பித் தருவது ஆகியவற்றைக் கூட்டினாலே ஒரு மாணவர் அந்த மணிக்கணக்கை எட்டிவிடுகிறார். லைன்-அப் ஷீட், ஃபிட்டிங் குறிப்பு, திருப்பித் தந்த பொருள்களின் பதிவேடு ஆகிய மூன்றையும் வைத்து மதிப்பிடலாம். ஏற்கெனவே பாடச்சுமை அதிகம் என்று நீங்கள் சொல்லக்கூடும். மாணவர்கள் இப்போதே செய்துகொண்டிருக்கும் வேலையைக் கணக்கில் எடுக்கத்தான் கேட்கிறேனே தவிர, புதிய சுமையை அல்ல. எங்கள் சாம்பிளிங் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களில் பேக்ஸ்டேஜில் நின்று பழகியவரை முதல் வாரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். உடைகளை வாங்கும் பையருக்கு அனுப்ப வேண்டிய சாம்பிளோடு அளவு அட்டையும், பட்டன், ஜிப் போன்றவற்றைக் காட்டும் டிரிம் அட்டையும் போயிற்றா என்று அவர் யாரும் சொல்லாமலே பார்த்துவிடுவார்.

பெயர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஷோ முடிவில் ஸ்பான்சருக்கும் கோரியோகிராஃபருக்கும் மேக்கப் செய்த பார்லருக்கும் மைக்கில் நன்றி சொல்கிறார்கள், அது முறைதான். அழைப்பிதழின் கடைசிப் பக்கத்தில் டிரெஸ்ஸர்களாக நின்ற மாணவர்களின் பெயர்களையும், கடைசி இரவுவரை ஹெம்மிங்கும் ஆல்ட்டரேஷனும் செய்துதந்த டெய்லர் மாஸ்டர்களின் பெயர்களையும் அச்சிட ஒரு பத்தி போதும். அந்தப் பக்கத்தை இளநிலை மாணவர் தன் போர்ட்ஃபோலியோவில் வைத்துக்கொள்ளலாம், வேலைக்குப் போகும் இடத்தில் காட்டலாம்.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பாட வரைவு எழுதுவதற்கும், முதல் அணி மாணவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி தருவதற்கும் என்னைப் போன்ற முன்னாள் மாணவிகள் பலர் திருப்பூரிலும் கோவையிலும் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தக் கல்லூரி அழைத்தாலும் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஆடை வடிவமைப்புத் துறை முன்னாள் மாணவி ஒருத்தி,
திருப்பூர்