தள்ளிப்போட்டதும் ஆஃப் பண்ணியதும்

கிருஷ்ணகிரி,
ஆனி மாதம், ஞாயிறு இரவு

மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத நேரம் வாய்த்தது. சீசன் உச்சத்தில் இருக்கிறது. பெங்களூரா மாங்காய் லோடு ராத்திரி பகல் பார்க்காமல் வருகிறது. ஃபேக்டரி கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் டிராக்டரும் பிக்கப் வண்டியுமாக வரிசை. மாங்கூழ் வாசனை சட்டையில் ஏறிவிட்டது, துவைத்தாலும் போவதில்லை. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

மகள் பிரசவத்துக்கு நீயும் தங்கச்சியும் லண்டன் போகிறீர்கள் என்று படித்ததும் எனக்கே விசா கிடைத்த மாதிரி இருந்தது. ஆனால் கடிதத்தின் பாதியை அழுகைக்கு ஒதுக்கிவிட்டாய். வினைச்சொல்லோடு ஆஃப், அப் மாதிரிச் சின்னச் சொல் சேர்ந்து அர்த்தம் மாறுகிற ஜோடிகளை ஆயிரம் அடுக்கிய ஆங்கிலப் புத்தகம் வாங்கினாயாம், முப்பதாம் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டாயாம், 'கெட்' என்ற ஒரே சொல்லுக்கு மூன்று பக்கம் அர்த்தம் போட்டிருக்கிறானாம், இந்த வயதில் இனி மண்டையில் ஏறாதாம். ஏறாததற்கு வயது காரணமில்லையடா. புத்தகம் கற்றுக்கொடுக்கிற வழி அப்படி. இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், அதற்கு நான் கொடுத்த ஃபீஸ் கொஞ்சநஞ்சமில்லை. உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஆனி மாதம். கூழ் வாங்குகிற வெளிநாட்டுப் பார்ட்டியிடமிருந்து ஒரு மெயில். 'வீ ஆர் புட்டிங் ஆஃப் த ஷிப்மென்ட்' என்று ஒரு வரி, விவரம் பின்னால் வரும் என்று இன்னொரு வரி. ஆபீஸில் இங்கிலீஷ் மெயிலுக்கு நான்தான் பண்டிதன். ஆஃப் என்றால் நமக்கு என்ன? ஃபேனை ஆஃப் பண்ணு, மோட்டாரை ஆஃப் பண்ணு. அப்படியானால் ஆர்டரையும் ஆஃப் பண்ணிவிட்டான்! "ஆர்டர் கேன்சல்" என்று முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் தோட்டக்காரர்களுக்குப் போன் போட்டு அறுவடையை நிறுத்தச் சொன்னார். டின்னில் அடைத்து வைத்திருந்த சரக்கை வந்த விலைக்குத் தள்ளினார். மூன்றாம் நாள் அடுத்த மெயில் வந்தது: கப்பல் இன்ன தேதிக்குக் கிளம்புகிறது, சரக்கு தயாரா? அவன் கேன்சல் பண்ணவே இல்லை. பத்து நாள் தள்ளிப்போட்டிருந்தான், அவ்வளவுதான். கேன்சல் என்பதற்கு அவர்கள் 'கால் ஆஃப்' என்று சொல்வார்களாம். முதலாளி திட்டியது நியாயம், அதை விடு. அதற்குப் பிறகு ஆபீஸில் ஃபேனை நிறுத்துவதென்றாலும், "ஃபேனைக் கொஞ்சம் புட் ஆஃப் பண்ணுங்க சார்" என்று என்னைப் பார்த்தே சொல்வார்கள். சீசன் முடியும்வரை சொன்னார்கள்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் அந்த ரெண்டு சொல்லையே மென்றுகொண்டிருந்தேன். புட் என்றால் போடு. ஆஃப் என்றால் விலகி, தள்ளி. புட் ஆஃப்... தள்ளிப்போடு! நம்ம வீட்டுச் சொல்லையே அவன் முன்பின்னாக மாற்றி, 'ஆஃப்'பை வாலாக ஒட்டி வைத்திருக்கிறான். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள் என்றால் கல்யாணத்தைக் கையால் பிடித்துத் தள்ளினார்கள் என்று யாராவது நினைக்கிறோமா?

அப்புறம் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தேன். லுக் என்றால் பார், லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. அந்தக் 'கொள்' வந்து ஒட்டியதும் பொறுப்பு தலையில் ஏறுகிறது. அவனுக்கு அதே வேலையை ஆஃப்டர் செய்கிறது. புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள். ரன் அவுட் என்றதும் நமக்குக் கிரிக்கெட்தான் ஞாபகம் வரும், ஆனால் சர்க்கரை ரன் அவுட் என்றால் சர்க்கரை தீர்ந்துபோச்சு. தீர்வதோடு ஏன் ஒரு 'போ' ஒட்டுகிறது என்று நம்மை யாரும் கேட்டதில்லை, நாமும் அவனைக் கேட்கக்கூடாது. அப் இருக்கிறதே, அது நிறைய இடத்தில் நம்ம 'விடு'தான். ஈட் அப் என்றால் மிச்சம் வைக்காமல் தின்றுவிடு, டிரிங்க் அப் என்றால் குடித்துவிடு, யூஸ் அப் என்றால் தீர்த்துவிடு. 'சொல்' என்பதற்கும் 'சொல்லித் தொலை' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வெள்ளைக்காரனுக்கு விளக்கிப் பார், தெரியும் யாருக்குக் கஷ்டம் என்று.

நம் ஊர்க்காரனுக்கு இது புதிதும் இல்லை. மண்டியில் தெலுங்கு எப்படி வந்தது நமக்கு? 'இச்சேய்' என்றால் கொடுத்துவிடு என்று எந்தப் புத்தகத்தில் படித்தோம்? ஓசூர்ப் பக்கம் போனால் கன்னடக்காரர் 'கொட்பிடு' என்பார், அதுவும் கொடுத்துவிடுதான். காய் கைமாறும்போது சொன்னதைக் கேட்டோம், ஒட்டிக்கொண்டது. வாலைத் தனியாக அறுத்து எடுத்து யாரும் மனப்பாடம் செய்யவில்லை.

மாவட்ட நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் பார்த்தேன். சாமுவேல் ஜான்சன் 1755ல் ஆங்கில அகராதி போட்டாரே, அதன் முன்னுரையிலேயே எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்: வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டி அர்த்தத்தை மாற்றுகிறோமே, வெளியாருக்கு இதைவிடக் கஷ்டம் வேறில்லை என்று. ஆக, நீ முப்பதாம் பக்கத்தில் விழுந்தது மரியாதையான விழுகைதான். இன்னொரு ஆள் ஓக்டன் என்ற ஆங்கிலேய மொழி அறிஞர். உலகமே பேசுவதற்கு 850 சொல் போதும் என்று 1930ல் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் வினைச்சொல் எத்தனை தெரியுமா? வெறும் 18. கம், கெட், கிவ், கோ, புட், டேக் இந்த மாதிரிச் சில்லறைகள். நுழை என்பதற்குத் தனிச்சொல் வேண்டாம், 'கோ இன்' போதும் என்பது அவர் கணக்கு. எண்ணிக்கை குறைந்தது வாஸ்தவம். ஆனால் அந்தப் பதினெட்டும் ஆஃப், அப், அவுட்டோடு சேர்ந்து போடும் குட்டிகளை யார் எண்ணுவது? என்னைக் கேட்டால், கஷ்டத்தை முன்வாசலில் துரத்திப் பின்வாசலில் விட்டிருக்கிறார்.

நீ பயப்படுகிற அளவுக்கு வெறுங்கையோடும் இல்லை. செக்கப், மேக்கப், லாக்கப், பிக்கப், செட்டப் எல்லாம் நம் வாயில் பெயர்ச்சொல்லாகப் புழங்குகிறதே, அவற்றை ரெண்டாகப் பிரித்தால் வினை. பெயராகச் சொல்லும்போது அழுத்தம் முதல் பாதியில், வினையாகச் சொல்லும்போது பின்பாதியில். ஒரு இடத்தில் மட்டும் கவனம். 'பிக் அப் த ஃபோன்' என்று சொல்லலாம், ஆனால் ஃபோன் போய் 'இட்' வந்தால் நடுவில்தான் உட்கார வேண்டும்: 'பிக் இட் அப்'. 'பிக் அப் இட்' என்றால் சிரிப்பார்கள். லுக் ஆஃப்டருக்கு இந்த விதி கிடையாது, அது பிரியாத ஜோடி.

எல்லாமே தமிழோடு பொருந்திவிடும் என்று நினைத்துவிடாதே. மேக் அப் என்னை இன்னும் படுத்துகிறது. முகத்துக்குப் பூசுவதும் அதுதான், சண்டை போட்டவர்கள் சமாதானமாவதும் அதுதான், இல்லாத கதையைக் கட்டுவதும் அதுதான். அணைக்கட்டில் மீன் வறுவல் தின்றுவிட்டு வந்து ஸ்பெஷல் கிளாஸ் என்று உன் அப்பாவிடம் சொன்னாயே, அது மூன்றாவது ரகம்.

நீ போகிற வீட்டில் கைக்குழந்தை என்பதால் சிலதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், இல்லாவிட்டால் பதறிப்போவாய். 'த பேபி ஹாஸ் டிராப்ட் ஆஃப்' என்று நர்ஸ் சொன்னால் குழந்தை கீழே விழுந்துவிட்டதென்று ஓடாதே, தூங்கிவிட்டது என்று அர்த்தம். 'த்ரோயிங் அப்' என்றால் எதையும் தூக்கி எறியவில்லை, கக்குகிறது. 'புட் ஹர் டவுன்' என்றால் தொட்டிலில் கிடத்து. அதையே நாயைப் பற்றிச் சொன்னால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவது, பார்த்துக்கொள்! பஸ்ஸில் ஏறினால் 'கெட் ஆன்', காரில் ஏறினால் 'கெட் இன்'. ஏன் என்று கேட்காதே. பஸ் கார்டில் பணம் போடுவது 'டாப் அப்', அது உனக்குப் போன் ரீசார்ஜிலேயே தெரியும். பிறப்பது பேத்தியாக இருந்து, அவளைப் பார்க்க வருகிறவர்கள் உன்னைக் காட்டி 'ஷீ டேக்ஸ் ஆஃப்டர் யூ' என்றால் உன்னை உரித்து வைத்திருக்கிறது என்கிறார்கள். தங்கச்சி முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படு.

அந்த ஆயிரம் சொல் புத்தகத்தை யாருக்காவது கொடுத்துவிடு. நான் செய்வது இதுதான்: மண்டிச் சிட்டையின் பின்பக்கம், அன்றைக்கு மெயிலிலோ பேச்சிலோ தட்டுப்பட்ட ஒன்றை, வந்த முழு வாக்கியத்தோடு எழுதுவேன். பக்கத்தில் அதற்கு நம் வீட்டில் என்ன சொல்வோம் என்று யோசித்து எழுதுவேன். அகராதித் தமிழ் இல்லை, அம்மா சொல்கிற தமிழ். பொருத்தமான சொல் சிக்காவிட்டால் இடத்தைக் காலியாக விட்டுவிடுவேன். சில நாள் ஒன்றுகூட இருக்காது. மகளோடு தினமும் வீடியோ காலில் பேசுகிறாய் அல்லவா, மருமகன் பேசும்போது ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார். அவர் சொல்வதில் ஒரு ஜோடியாவது பிடிபடும்.

போச்சம்பள்ளிச் சந்தையில் போன ஞாயிறு உன் பெரியப்பா மகனைப் பார்த்தேன். சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நீ ஊருக்கே வருவதில்லை என்று குறை சொன்னார். தருமபுரியிலிருந்து இங்கே வர என்ன, ஒரு மணி நேரம். லண்டன் பயணத்துக்கு முன்னால் ஒரு நாள் வா, இதையும் தள்ளிப்போடாதே. செந்தூராவும் மல்கோவாவும் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன், வைக்கோலில் பழுக்கிறது. ஆடியில் வந்தால் நீலம் மட்டும்தான் மிஞ்சும், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது.

உன்
மச்சான்