அந்தத் தாளை முதலில் கொடுங்கள்: பார்லிப் புல் பொடி விற்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் காலனியிலும் சுற்றியுள்ள தெருக்களிலும் பார்லிப் புல் பொடி விற்கும் நண்பர்களுக்கு, வணக்கம்.

உங்களில் பாதிப் பேரை எனக்கு நன்றாகவே தெரியும். இரண்டு பேருக்கு பிளஸ் டூவில் வேதியியல் எடுத்திருக்கிறேன். சிலரோடு தினமும் காலையில் பூங்காவை நாலு சுற்று சுற்றுகிறேன். போதாக்குறைக்கு உங்களிடம் நாலு டப்பா பொடி வாங்கிக் கரைத்துக் குடித்தவன் நான். ஆகவே வெளியாள் யாரோ எழுதிய கண்டனமாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர் மனம்விட்டுப் பேசுகிறார், அவ்வளவுதான்.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு வேளாவேளைக்குச் சாப்பிடுவது என்பது வீட்டில் இல்லாமல் போனது. பகலில் நாலைந்து டம்ளர் காபி. ராத்திரி பத்து மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து பரோட்டா, சால்னா, கை கழுவிய கையோடு படுக்கை. நடுச்சாமத்தில் தொண்டை வரைக்கும் புளிப்பு ஏறும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவேன். டாக்டர் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டாப்ரசோல் மாத்திரை கொடுத்தார். சாப்பிடும்வரை நன்றாக இருந்தது, நிறுத்தினால் பழையபடி. அப்போதுதான் உங்களில் ஒருவர், நெஞ்செரிச்சலும் அல்சரும் இந்தப் பொடியில் குணமாகும் என்று பச்சை டப்பாவோடு வந்தார். டப்பாவோடு ஒரு தாளும் தந்தார்.

அந்தத் தாள் இன்னும் என் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. வெறும் வயிற்றில் காபி கூடாது. ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடிக்க வேண்டும். சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. பொரித்தது, பரோட்டா, சிகரெட் மூன்றையும் விட வேண்டும். முக்கால் வயிற்றோடு எழுந்துவிட வேண்டும். கடைசி வரியாக, காலையிலும் மாலையிலும் ஒரு ஸ்பூன் பொடி. எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். மூன்றே வாரத்தில் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். பூங்காவில் நாலு பேரிடம் பொடியைப் பற்றி நானே பெருமையாகச் சொன்னேன். அந்த நாலு பேரில் இருவர் உங்களிடம் வாங்கினார்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மூன்றாவது டப்பா தீர்ந்தபோது உங்களிடம் சரக்கு இல்லை. இரண்டு வாரம் பொடி இல்லாமல், தாளில் இருந்ததை மட்டும் விடாமல் செய்தேன். எதுக்களிப்பு எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் மதுரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். புது டப்பா பையில் இருந்தது, காலையும் மாலையும் தவறாமல் குடித்தேன். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குப் பிரியாணி, அதன் மேல் ஒரு காபி. விடிய விடிய நெஞ்செரிச்சல். மண்டபத்து அறையில் சுவரில் சாய்ந்தபடி யோசித்தேன்: என்னைக் குணமாக்கியது பொடியா, தாளா?

ஒரு ஆளின் அனுபவம் ஆராய்ச்சி ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொடி விற்க நீங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மைக் பிடித்து ஒவ்வொருவராகச் சொல்வதும் இதே ரகம்தானே.

உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, பிறகு இறுக மூடிக்கொள்ள வேண்டும். அது தளர்ந்தால், அல்லது வயிறு முட்டிக் கீழிருந்து அழுத்தம் கூடினால், இரைப்பையில் இருப்பது மேலே வருகிறது. எண்ணெய்ப் பண்டம், சிகரெட், மது எல்லாம் அந்த வளையத்தைத் தளர்த்துகின்றன. காபி பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. தொப்பை கீழிருந்து நெருக்குகிறது. இடது பக்கமாகப் படுத்தால் இரைப்பையின் பெரும்பகுதி குழாய் வாய்க்குக் கீழே இருப்பதால் அமிலம் மேலேறுவது குறைகிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்துவதும் உதவும். தலையணையை மட்டும் அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறுதான் நெருக்கப்படும். எடையைக் குறைப்பது, படுக்கும் நேரத்துக்கு முன்னால் சாப்பிடாமல் இருப்பது, தலைமாட்டை உயர்த்துவது, இவற்றுக்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. உங்கள் தாளில் பாதி இதுதான். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

இனி கூட்டத்தில் நீங்கள் காட்டும் அயோடின் வித்தைக்கு வருகிறேன். வாத்தியார் புத்தி சும்மா இருக்காது, மன்னியுங்கள்.

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை நாலு சொட்டு விடுகிறீர்கள். தண்ணீர் பழுப்பாகிறது. “இதுதான் உங்க உடம்புல இருக்கிற அமிலம், நச்சு” என்கிறீர்கள். ஒரு ஸ்பூன் பொடியைப் போட்டுக் கலக்கியதும் பழுப்பு மறைந்து பச்சை மட்டும் நிற்கிறது. முன்வரிசையில் கைதட்டல். நானும் தட்டியிருக்கிறேன். பிறகு வீட்டுக்குப் போய் அதே பழுப்புத் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன். பழுப்பு ஓடிப்போனது. நெல்லிக்காய்ச் சாற்றிலும் அதே கதை. இவற்றில் இருக்கும் வைட்டமின் சி அயோடினை அயோடைடாக மாற்றிவிடும், அயோடைடுக்கு நிறம் கிடையாது. விஷயம் அவ்வளவுதான். எலுமிச்சையே ஒரு அமிலம். அமிலத்தை ஒழித்ததற்கு நீங்கள் காட்டும் அத்தாட்சியை ஒரு அமிலமே காட்டிவிடுகிறது!

பொடி காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) உள்ளது, அதனால் அமிலத்தை முறிக்கும் என்பது அடுத்த வாதம். இதைச் சோதிக்க லேபே வேண்டாம், ஆரத்தித் தட்டே போதும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அது காரத்தின் வேலை. ஒரு வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காயவைத்தேன். ஒரு பக்கம் சமையல் சோடாக் கரைசல் ஒரு சொட்டு, செம்பழுப்பாக மாறியது. இன்னொரு பக்கம் உங்கள் பொடியைக் கரைத்து ஒரு சொட்டு. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் பச்சைக் கறை, அவ்வளவே.

அப்படியானால் ‘கார உணவு’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? உணவை எரித்து, மிஞ்சும் சாம்பலைச் சோதித்த பழைய முறையிலிருந்து. கீரை, புல், காய்கறி எதை எரித்தாலும் பெரும்பாலும் சாம்பல் காரமாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் பாத்திரம் தேய்க்கச் சாம்பல் எடுத்தது சும்மா இல்லை. ஆனால் நாம் குடிப்பது புல்லை, அதன் சாம்பலை இல்லையே. நம் இரைப்பை ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு லிட்டர் நீர் சுரக்கிறது. அந்தக் கடலில் மூன்று கிராம் பொடி என்ன செய்யும்? இரத்தத்தைக் காரமாக்கும் என்றும் ஒரு தங்கை சொன்னார். இரத்தத்தின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 7.35-இலிருந்து 7.45-க்குள்தான் இருக்கும், நுரையீரலும் சிறுநீரகமும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. சாப்பாட்டால் அது கண்டபடி ஏறி இறங்கினால் நாம் வீட்டில் இருக்க மாட்டோம், ஐ.சி.யூ.வில் இருப்போம்.

பொடியை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். கதிர் வாங்கும் முன் அறுத்த இளம் பார்லிப் புல் என்பது ஒரு நல்ல கீரை. ஜப்பானில் பச்சை இலைச் சாறு குடிக்கும் வழக்கத்துக்கு ‘அவோஜிரு’ என்று பெயர். உலகப் போர்க் காலப் பஞ்சத்தில் நிரோ எண்டோ என்ற டாக்டர் அதைப் பரப்பினார். பிறகு யோஷிஹிதே ஹகிவாரா என்பவர் பார்லி இளந்தழைச் சாற்றைப் பொடியாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அங்கே அது காய்கறி குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கான துணை உணவு. நம் ஊரில் முருங்கைக்கீரைப் பொரியலுக்கு உள்ள இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (விலையைத்தான் ஒப்பிட வேண்டாம், எனக்கு நெஞ்செரிச்சல் திரும்பிவிடும்.)

ஆய்வுத்தாள் என்று கூட்டத்தில் திரையில் காட்டினீர்களே, அவற்றை உட்கார்ந்து படித்தேன். ஒன்று 2002-இல் இஸ்ரேலில் நடந்தது, இருபத்துச் சொச்சம் பேரிடம். அது கோதுமைப் புல் சாறு. நோயோ பெருங்குடல் புண். இன்னொன்று ஜப்பானில் முளைத்த பார்லியிலிருந்து எடுத்த ஒரு உணவு. அது தானியத்தைச் சேர்ந்தது, புல்லைச் சேர்ந்தது கிடையாது, அதுவும் பெருங்குடலுக்குத்தான். வாய்க்கால் கடைமடையில் அடைப்பு எடுத்ததைச் சொல்லித் தலைமடையில் தண்ணீர் வரும் என்கிறீர்கள். நெஞ்செரிச்சலுக்குப் பார்லிப் புல் பொடியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு என்று நீங்கள் எதையும் காட்டவில்லை.

இதெல்லாம் வாய்ச்சண்டை, போகட்டும். நான் பேனா எடுத்த காரணம் வேறு.

எங்கள் எதிர்வரிசையில் இருக்கும் அண்ணன் ஒருவருக்கு முழங்கால் வலி. இரண்டு வருடமாக வலி மாத்திரை போடுகிறார். மேல்வயிறு எரிகிறது என்றதும் உங்களில் ஒருவர் பொடி கொடுத்திருக்கிறார். ஒரு மாதத்தில் மலம் தாரைப் போலக் கறுப்பாகப் போயிருக்கிறது. அண்ணி பயந்துபோய் போன் பண்ணிக் கேட்டபோது, “கீரைப் பொடி இல்லையா, அப்படித்தான் போகும். கழிவெல்லாம் வெளியேறுதுன்னு அர்த்தம்” என்று பதில் வந்திருக்கிறது. அண்ணனும் நம்பிவிட்டார். பத்தாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்தார். ஹீமோகுளோபின் ஆறு சொச்சம். இரைப்பையில் புண், அதிலிருந்து இரத்தக் கசிவு. இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோபி செய்து காப்பாற்றினார்கள். கீரையால் மலம் கரும்பச்சை ஆகலாம், உண்மைதான். ஆனால் பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமுமாகத் தாரைப் போலப் போனால் அது இரத்தம் செரித்து வெளியேறும் நிறம். அந்த பதிலைச் சொன்னவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் எல்லாக் கேள்விக்கும் ‘கழிவு வெளியேறுது’ என்ற ஒரே பதிலை மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறார்கள்.

அதே பதிலை இன்னொரு இடத்திலும் கேட்டேன். நாள்பட்டு பான்டாப்ரசோல், ஒமிப்ரசோல் சாப்பிட்டவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால், அடக்கி வைத்த அமிலம் கொஞ்ச நாளைக்கு முன்னைவிட அதிகமாகவே சுரக்கும். டாக்டரைக் கேட்டு, தேவையென்றால் படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும். நீங்களோ முதல் நாளே மாத்திரையைத் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள். எரிச்சல் எகிறினால் கழிவு வெளியேறுகிறது என்கிறீர்கள். இரண்டு வாரத்தில் அது தானாக அடங்கினால் பொடியின் மகிமை என்கிறீர்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்கும் பொடி போகிறது. பச்சை இலைகளில் வைட்டமின் கே அதிகம், அது அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்த இலைகளில் உள்ள பொட்டாசியம் ஆபத்து. இதையெல்லாம் விற்பவர் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று பொடி எழுத்தில் இருக்கும். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பொய்யான, திசைதிருப்பும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகள், கம்பெனி அனுமதித்ததற்கு மாறாக விற்பவர் எதையும் சொல்லக் கூடாது என்கின்றன. கவனியுங்கள்: டப்பாவில் கம்பெனி எங்கேயும் ‘அல்சர் குணமாகும்’ என்று எழுதவில்லை. அதைச் சொல்வது உங்கள் வாய்தான். நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் உங்களைச் சேர்த்துவிட்டு விற்பனைச் சங்கிலியில் மேலே பதினெட்டுப் படி ஏறியவர்களா வந்து நிற்பார்கள்? உங்கள் பெயரில்தான் நோட்டீஸ் வரும்.

உங்களில் பலர் பொழுது போகாமல் இதில் இறங்கவில்லை என்பதும் தெரியும். பையன் ஃபீஸ், வீட்டுக்கடன், நின்றுபோன வேலை. யாருடைய பிழைப்பிலும் மண் போட எனக்கு விருப்பமில்லை. விற்றுக்கொள்ளுங்கள், கீரைப் பொடி என்று சொல்லி. வாங்க வருபவரிடம் அந்தத் தாளை முதலில் கொடுங்கள், பொடி இல்லாமல், மூன்று வாரத்துக்கு. விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, கறுப்பு மலம், இதில் ஒன்றைச் சொன்னாலும் டப்பாவை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். நெஞ்சு எரிகிறது என்பவருக்கு வியர்வையும் இடது கை வலியும் சேர்ந்திருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள், அது இதயமாக இருக்கலாம். யாருடைய மாத்திரையையும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். அயோடின் நீங்கள் கொண்டுவாருங்கள், எலுமிச்சம்பழம் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வேதியியல் வாத்தியார்