கல்லூரி மாணவியருக்கு நீண்டகாலத் தற்காலிகக் கருத்தடை வசதி கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
கோட்டையூர், காரைக்குடி வட்டம்.
(பெயரும் முழு முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன்.)

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சிவகங்கை.

பொருள்: 18 வயது நிறைந்த கல்லூரி மாணவியருக்கு, தாலியும் குழந்தையும் கேட்காமல், அரசு மருத்துவமனைகளில் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி உள்ளிட்ட தற்காலிகக் கருத்தடை முறைகள் கிடைக்கச் செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்துக் கிராமங்களில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேலையை விட்ட பிறகும் அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகள் சந்தேகம் கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள். இப்போது வருவோரில் கல்லூரி மாணவிகளே அதிகம். அவர்களுக்காகத்தான் இந்த மனு.

நம் பக்கம் பெண் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நல்ல இடம் அமைந்தால் தை மாதமே கல்யாணத்தை முடித்துவிடுவார்கள். "படிப்பு பாட்டுக்குப் படிக்கட்டும்" என்று மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் வாக்கு பெரும்பாலும் முதல் கர்ப்பம் வரைக்கும்தான். வாந்தி, மயக்கம், செமஸ்டர் எல்லாம் சேர்ந்து வரும். அப்புறம் வளைகாப்பு, பிரசவம், அரியர். டிகிரி அத்தோடு நின்றுவிடும். அரசுப் பள்ளிப் பெண்கள் பட்டம் வாங்கட்டும் என்றுதான் 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறது அரசு. படிப்பு நின்றால் அதுவும் நிற்கும். கல்யாணம் ஆகாமலே உறவில் இருக்கும் பெண்களும் உண்டு. நாம் பேசாமல் இருப்பதால் அது இல்லையென்று ஆகிவிடாது.

கல்யாணமாகிச் சில மாதங்களே ஆன மாணவி ஒருத்தி காப்பர் டி போட்டுக்கொள்ள ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனாள். "முதல்ல ஒண்ணு பெத்துக்க, அப்புறம் பாக்கலாம். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தியா?" என்று ஓ.பி. வரிசை முழுவதும் கேட்கும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வரிசையிலேயே மாமியார் வழி உறவு ஒருவர் நின்றிருக்கிறார். சாயங்காலத்துக்குள் சேதி வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அப்புறம் அவள் எந்த மருத்துவமனைப் படியும் ஏறவில்லை. இப்போது ஐந்து மாதம்.

குழந்தை பெறாதவருக்குக் காப்பர் டி கூடாது என்பது பழைய எண்ணம். குழந்தை பெறாதவரும் இளம் வயதுப் பெண்களும் போட்டுக்கொள்ளலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காப்பர் டி 380ஏ பத்து ஆண்டும் காப்பர் 375 ஐந்து ஆண்டும் வேலை செய்யும். வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம், எடுத்த பின் கருத்தரிக்கத் தடையில்லை. தினமும் நினைவாக மாத்திரை போட வேண்டாம், விடுதி அறையில் ஒளித்து வைக்கவும் வேண்டாம்.

ஆனால் எல்லாருக்கும் அதையே மாட்டிவிடுவதும் சரியல்ல. முதல் சில மாதங்கள் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடும். இங்கே வரும் பிள்ளைகளில் பலருக்குக் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாலே வெளுத்திருக்கும். ரத்தசோகை உள்ளவருக்கு முழங்கைக்கு மேல், கையின் உட்புறத் தோலுக்கடியில் வைக்கும் தீக்குச்சி அளவு கருத்தடைக் குச்சியான இம்ப்ளான்ட் பொருந்தலாம். மூன்று ஆண்டு தாங்கும். மாதவிலக்கு ஒழுங்கு தப்பலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை போடும் அந்தரா ஊசியும் உண்டு. அதை நிறுத்திய பின் கரு தங்கச் சில மாதங்கள் பிடிக்கும். இவை எதுவும் பால்வினை நோயைத் தடுக்காது, ஆணுறையும் வேண்டும்.

இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை. நம் துறைக்கு ஆபரேஷன் மேல்தான் பாசம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். 25 வயதுக்குள் முடித்தவர்களை நானே கூட்டிப் போயிருக்கிறேன். கல்யாணத்துக்கும் ஆபரேஷனுக்கும் நடுவே உள்ள வருடங்களுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? அவசர கருத்தடை மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்கலாம் என்று மத்திய அரசின் விதி இருந்தும், நம்மூர் மெடிக்கல்களில் கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்பதுதான் பதில்.

கருக்கலைப்பிலேயே மணமானவர், ஆகாதவர் என்று பிரிக்கக் கூடாதென உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. கலைப்பதற்கே கேட்கக் கூடாத தாலியைத் தடுப்பதற்கு ஏன் கேட்கிறோம்?

ஆகவே, காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகளில் சனிக்கிழமை மதியம், கல்லூரி விட்டு வர வசதியாக, பெண் மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ தனி அறையில் மாணவியரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். வாசலில் "குடும்பக் கட்டுப்பாடு" என்று பலகை வேண்டாம், "பெண்கள் நல ஆலோசனை" போதும். கணவர் சம்மதம், குழந்தை எண்ணிக்கை கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போக வேண்டும். இம்ப்ளான்ட் நம் மாவட்டத்துக்கும் கிடைக்கச் சுகாதாரத் துறைக்குப் பரிந்துரைக்க வேண்டும். முதலாண்டு மாணவியரில் 17 வயதுக்காரர்களும் இருப்பார்கள். 18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இருப்பதால் அவர்கள் விஷயத்தில் என்ன செய்வது என்பதை ஊழியருக்குத் தெளிவாக்க வேண்டும். உடலைப் பற்றிய விவரம் எல்லா வயதினருக்கும் போகட்டும்.

இன்னொன்று, இதற்கு இலக்கு எண்ணிக்கை வைத்துவிடாதீர்கள். பிரசவ வார்டில் சொல்லாமலே லூப், அதாவது காப்பர் டி, போட்டுவிட்டார்கள் என்ற பேச்சு கிராமத்தில் இன்னும் ஓயவில்லை. போட்ட இடத்திலேயே, கேட்ட அன்றே, காரணம் கேட்காமல் எடுத்தும் விட வேண்டும். அந்த நம்பிக்கை இருந்தால்தான் பிள்ளைகள் வருவார்கள்.

பள்ளத்தூர், காரைக்குடி கல்லூரிகளில் மாணவியரிடம் பேச ஆள் குறைந்தால் சம்பளமில்லாமல் நான் வரத் தயார். பேருந்துக் கட்டணமும் வேண்டாம், நமக்குத்தான் மகளிர் பேருந்து இருக்கிறதே.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

நகல்: துணை இயக்குநர், குடும்ப நலம், சிவகங்கை.