மழைமானிக்குக் கேர்னல் எழுதும் தம்பி தங்கைகளுக்கு

பதுளைப் பக்கத்து மலைச்சரிவுகளுக்கு மழைமானி செய்கிறீர்கள், அதற்குக் கேர்னலும் (கருவியின் வன்பொருளை ஆளும் அடிப்படை மென்பொருள்) நீங்களே எழுதுகிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். (ஆயத்தமாக உள்ள லினக்ஸ் கேர்னலே போதுமே என்றவர்களில் நானும் ஒருவன். அந்த வழக்கை விடுவோம்.) 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவில் தோட்டத் தொழிலாளரின் லய வீடுகள் மண்ணுக்குள் போனதைக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு, அடைமழையில் கருவி உறைந்து நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதிவுச் செய்திகளை (கேர்னல் தன் நடப்பைப் பற்றி எழுதும் குறிப்புகளை) வெளியே அனுப்பும் வேலையைத் தனித் திரெட்டுக்கு (தனியாக ஓடும் வேலை இழைக்கு) கொடுத்துவிட்டோம், இனி டெட்லொக் (பூட்டுக்காக முடிவின்றிக் காத்து உறைந்துபோவது) வராது என்கிறீர்கள். திரெட்டுக்குக் கொடுத்தது சரிதான். சீரியல் போர்ட்டில் (பிட் பிட்டாக வயரில் அனுப்பும் வாசலில்) 115200 போட், அதாவது செக்கனுக்கு 115200 பிட் வேகத்தில் 80 எழுத்து வரி ஒன்று போய்ச் சேர ஏறக்குறைய 7 மில்லிசெக்கன் பிடிக்கும். அவ்வளவு நேரம் இன்டரப்டை (வன்பொருள் கேர்னலை இடைமறித்து அழைப்பதை) நிறுத்தி வைக்கக் கூடாது. ஆனால் டெட்லொக் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

செய்தியை பஃபரில் (தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் நினைவகத்தில்) போட்டதும் அந்தத் திரெட்டை எழுப்புகிறீர்கள். எழுப்புவதற்கு, எந்தத் திரெட் எப்போது ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலரின் வரிசைப் பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவரே வரிசையைத் தொடும்படி காப்பது) வேண்டும். இப்போது ஷெட்யூலரே அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் எச்சரிக்கையைப் பதிய வந்தால்? தன் கையிலுள்ள பூட்டுக்காகத் தானே காத்து நிற்கும். லினக்ஸும் இதில் மாட்டியதுதான். அங்கே எழுப்பும் வேலையை உடனே செய்யாமல், ஐஆர்கியூ வேர்க் (வேலையைப் பின்னர் ஓர் இன்டரப்டில் செய்ய வைக்கும் வசதி) வழியாகப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். நீங்களும் ஒரு கொடியை (நினைவகத்தில் ஒரு குறியை) மட்டும் உயர்த்திவிட்டு, அடுத்த டைமர் இன்டரப்டில் பூட்டு எதுவும் கையில் இல்லாதபோது எழுப்புங்கள்.

பஃபருக்கும் பூட்டு வைத்திருக்கிறீர்கள். இன்டரப்டை அணைத்துவிட்டுப் பிடிப்பதால் பயமில்லை என்று எண்ண வேண்டாம். பூட்டு கையிலிருக்கும்போது, அணைக்கவே முடியாத என்எம்ஐ என்ற இன்டரப்ட் வந்து, அதற்குள்ளிருந்தும் ஒரு செய்தி எழுதப்பட்டால் கதை முடிந்தது. இதனால்தான் லினக்ஸ் 2020இல், 5.10 பதிப்பில், பூட்டே இல்லாத ரிங் பஃபருக்கு (கடைசி இடம் நிரம்பியதும் முதலிலிருந்து எழுதும் வட்டப் பஃபருக்கு) மாறியது. அது எழுதச் சிரமமானது; முடியாவிட்டால் என்எம்ஐக்கு மட்டும் தனியாக ஒரு சிறு பஃபர் போதும்.

அப்புறம் பேனிக், அதாவது மீள முடியாத பிழையால் கேர்னல் நின்றுபோவது. அந்த நேரத்தில் உங்கள் திரெட் இனி ஓடப்போவதில்லை. நமக்கு மிகவும் தேவையான வரிகளோ அப்போதுதான் பஃபரில் கிடக்கும். பேனிக் பாதை எந்தப் பூட்டுக்கும் காத்திராமல் சீரியல் போர்ட்டுக்கு நேரடியாக எழுத வேண்டும். எழுத்துகள் கொஞ்சம் கலந்து வந்தாலும் பரவாயில்லை.

வடகீழ்ப் பருவமழைக்கு முன்பு ஷெட்யூலருக்குள்ளிருந்தும் என்எம்ஐக்குள்ளிருந்தும் வேண்டுமென்றே செய்தி எழுதிப் பாருங்கள். ஒரு பேனிக்கையும் நீங்களே வரவழையுங்கள். கடைசி வரி வயரில் வந்து சேர்ந்தால் கருவியை மேலே கொண்டுபோங்கள்.