இரண்டு அடி தயங்கிய வீரன்

ஆசிரியருக்கு வணக்கம்.

அனிமேஷன் நகைச்சுவைப் படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2007இல் வெளியான ‘ஷ்ரெக் தி தேர்ட்’ படத்தில் வரும் லான்சலாட்டை, ஆர்தர் அரசனின் தலைசிறந்த வீரனாகக் கதைகள் பாடும் அவனை, ‘பள்ளிக்கூட ரவுடி’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். பழைய பிரிட்டனின் அரசனான ஆர்தரைப் பற்றிய அந்தக் கதைகளைப் பல வருடம் வகுப்பில் நடத்தியவன் நான். மனசு ஆறவில்லை, எழுதுகிறேன்.

படத்தைக் குறை சொல்ல வரவில்லை. பேத்தியோடு உட்கார்ந்து நானும் சிரித்தேன். ஆர்தரைத் தேடிப் பள்ளிக்கு வரும் பச்சைப் பூதம் ஷ்ரெக், குதிரை மேல் ஈட்டிச் சண்டையில் வெளுத்து வாங்கும் அழகான பையன்தான் வருங்கால அரசன் என்று நினைத்துவிடுகிறான். அவனோ லான்சலாட். எல்லோரிடமும் இடி வாங்குவதற்கென்றே நிற்கிற நோஞ்சான்தான் ஆர்தர். நல்ல தமாஷ். பழைய கதைகளிலும் அப்படித்தானே? முடி ஆர்தர் தலையில், ஊர் கண்ணெல்லாம் லான்சலாட் மேல்.

அதோடு சரி. அப்புறம் அவனுக்குப் படத்தில் பெரிதாக வேலை இல்லை. என் வருத்தம் அவனைக் கேலி செய்துவிட்டார்கள் என்பதல்ல, கேலி போதாது என்பதுதான்.

12ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியான் அவனை என்ன பாடு படுத்தியிருக்கிறார் தெரியுமா? கடத்தப்பட்ட அரசி கினிவியரை, ஆர்தரின் மனைவியை, தான் காதலிக்கிறவளைத் தேடிப் போகிறவன் குதிரையை இழந்து நடக்கிறான். எதிரே குற்றவாளிகளை ஊர்வலம் விடும் வண்டி. ஏறினால் அரசி இருக்கும் இடம் தெரியவரும், ஆனால் மானம் போய்விடும். இரண்டே அடி தயங்குகிறான், ஏறிவிடுகிறான். பிறகு கத்தி முனையே பாலமாகக் கிடப்பதில் வெறுங்கையும் வெறுங்காலுமாகத் தவழ்ந்து, ரத்தம் ஒழுக அக்கரை போய்ச் சேருகிறான். அரசி முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம், அந்த இரண்டு அடி! இன்னொரு இடத்தில், போட்டியில் மோசமாகச் சண்டை போடு என்று அரசி ரகசியமாகச் சொல்லி அனுப்ப, அத்தனை பேர் முன்னால் கோழை மாதிரி ஓடி ஒளிகிறான். கூட்டமே கைகொட்டிச் சிரிக்கிறது. கார்ட்டூன்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சிரிப்பு எங்கே போய் முடிகிறது என்பது ஆங்கில எழுத்தாளர் மாலரியின் நூலில் இருக்கிறது. அச்சக்காரர் காக்ஸ்டன் 1485இல் அச்சிட்டது. லான்சலாட்டோடு இருந்த காதல் வெளிப்பட்டு, கினிவியரை எரிக்கக் கொண்டுபோகும்போது பாய்ந்து வந்து மீட்கும் லான்சலாட், நெரிசலில் அடையாளம் தெரியாமல், ஆயுதமே இல்லாமல் நின்ற கேரத் என்ற வீரனைக் கொன்றுவிடுகிறான். தான் வீரப்பட்டம் சூட்டிய பையன், தன்மேல் உயிரையே வைத்திருந்தவன். அதற்குப் பழிவாங்கத் துடித்த அண்ணன் கவேன் ஆர்தரையும் போருக்கு இழுக்கிறான். கடைசியில் லான்சலாட் உதவிக்கு வந்து சேரும்போது ஆர்தரின் கதை முடிந்திருக்கிறது. கன்னியாஸ்திரியாகிவிட்ட கினிவியர், கேட்ட ஒரு முத்தத்தையும் மறுத்துவிடுகிறாள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காட்சி. மந்திரத்தால் ஆறாத காயங்களோடு ஊரி என்ற வீரன் வருகிறான். அரசன் முதல் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தும் பலிக்கவில்லை. தனக்கு அந்தத் தகுதி இல்லை என்று மறுக்கிற லான்சலாட் கடைசியில் தொட, காயம் ஆறுகிறது. எல்லோரும் கடவுளுக்கு நன்றி சொல்ல, அவன் மட்டும் அடி வாங்கிய குழந்தை மாதிரி அழுதான் என்று எழுதுகிறார் மாலரி. இப்போது படத்தில் அவன் சின்னப் பையனை அடிக்கிறவனாக வருகிறான். கட்டுரையாளர் இதையாவது தொட்டிருக்கலாம்.

“அவன் கெட்டவனா தாத்தா?” என்று கேட்ட பேத்திக்கு வண்டிக் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, “ரெண்டு அடிக்கா அவ்ளோ கோபம்?” என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.